நீச்சலும் மெய்வல்லுநரும்: நாளைய உடற்கல்வி ஆசிரியர்கள் எதைக் கற்றுக்கொண்டு வர வேண்டும்?

2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்கள் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு பல பிள்ளைகளை இழந்தோம். அவர்களுக்கு நீச்சல் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வெள்ளத்தின் இழுவையில் தேர்ந்த நீச்சல்காரரும் தோற்றுப்போவார். பாதுகாப்பான பாலமும் பாதையும் அமைப்பதுதான் முதற் கடமை.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கடல், களப்பு, குளம், ஆறு, வாய்க்கால் என்று நாலாபுறமும் நீர் சூழ்ந்த நமது ஊர்களில் பிள்ளைகளுக்கு நீரைப் பற்றிக் கற்றுக்கொடுப்பது யார்? பாடசாலையில் அதற்குரியவர் உடற்கல்வி ஆசிரியர். அப்படியானால் அந்த ஆசிரியருக்கு யார், எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும்.

2021இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிப்பது அந்நிறுவனம் பரிந்துரைக்கும் தடுப்பு வழிகளில் ஒன்று. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்குமாறு உமர் (ரலி) அவர்கள் ஏவியதாக வரும் செய்தியை நாமும் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். கேட்பதோடு நின்றுவிடுகிறோம்.

கல்லூரியில் கிடைக்கும் காலம்

1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய கல்வியியற் கல்லூரிகளில் பயிலுனர்கள் இரண்டு ஆண்டுகள் வதிவிடமாகக் கற்று, ஓராண்டு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி பெறும் முறை இருந்து வருகிறது. சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடம் தரம் 6 முதல் 9 வரை கட்டாயமாகவும், சாதாரண தரத்தில் விருப்பத் தெரிவாகவும் இருந்து வந்துள்ளது. ஆகவே உடற்கல்வி ஆசிரியர் ஒருவரின் கையில் அவரது சேவைக் காலத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்து போவார்கள். அவர் குறிப்புக் கொப்பியுடன் மட்டும் வெளியேறுகிறாரா, தடாகத்தில் இறங்கிப் பழகி வெளியேறுகிறாரா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

நீச்சல் பயிற்றுவிப்பது எப்படி?

நன்றாக நீந்தத் தெரிந்த எல்லோராலும் நீச்சல் கற்பிக்க முடியாது. கற்பிப்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் இடுப்பளவு நீரில் பயம் போக வேண்டும். பிறகு முகத்தை நீருக்குள் வைத்து மூச்சை வெளிவிடப் பழக வேண்டும். அதன் பின் குப்புற மிதத்தல், மல்லாந்து மிதத்தல், மிதந்த நிலையிலிருந்து எழுந்து நிற்றல். இவை கைவந்த பிறகே சுவரை உதைத்து வழுக்கிச் செல்வதும், கால் அடிப்பதும், கை வீச்சும், பக்கவாட்டில் மூச்செடுப்பதும். முதல் நாளே கையையும் காலையும் அடிக்கச் சொன்னால் பிள்ளை களைத்துப் பயந்துவிடும். மிதக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஆபத்தில் சில நிமிடங்கள் கிடைக்கும். அந்தச் சில நிமிடங்களே உயிரைக் காக்கலாம்.

ஆரம்பநிலைப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு மேல் ஒரு ஆசிரியரிடம் நீரில் இருக்கக்கூடாது என்பது என் நிலைப்பாடு. கரையில் இன்னொருவர் கண் வைத்திருக்க வேண்டும். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை, கை அசைப்பதுமில்லை. சத்தமில்லாமலே அடங்கிவிடும். இதை அறியாத ஆசிரியர் பக்கத்தில் நின்றும் பயனில்லை.

மீட்பு முறையையும் செய்து பழக வேண்டும். உடனே குதிப்பது முறையல்ல. கம்பை நீட்டுவது, கயிற்றை வீசுவது, மூடி இறுக்கிய வெற்றுக் கானை எறிவது, இவையே முதல் வழிகள். மீட்கப்பட்டவரைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. அது பொன்னான நேரத்தை வீணாக்கும். மூழ்கியவருக்கு ஏற்பட்டது மூச்சுத் தடை. மூச்சு நின்றிருந்தால் செயற்கைச் சுவாசம் கொடுத்து, அதோடு நெஞ்சு அழுத்தமும் செய்ய வேண்டும். ஒவ்வொரு பயிலுனரும் இதைப் பொம்மை உருவில் செய்து காட்டாமல் சான்றிதழ் பெறக்கூடாது.

மெய்வல்லுநர் பயிற்சி

மெய்வல்லுநரில் நிலைமை சற்று மேல். மைதானமாவது இருக்கிறது. ஆனால் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்கி, ஓடக்கூடியவர்களைப் பொறுக்கி எடுப்பதைப் பயிற்றுவிப்பு என்று சொல்ல முடியாது. புறப்பாடு, கை வீச்சு, அஞ்சல் கோல் மாற்றம், நீளம் பாய்தலுக்கான ஓட்ட அளவு ஆகியவற்றைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் பழகியிருக்க வேண்டும். சட்டவேலி இல்லாவிட்டால் இரண்டு கல்லின் மீது இலேசான தடியை வைத்துத் தொடங்கலாம். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் டங்கன் வைட் இலங்கைக்கு வெள்ளிப் பதக்கம் வென்றது 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில்தான்.

எறிதல் நிகழ்ச்சிகளில் பாதுகாப்பே முதற் பாடம். ஈட்டியுடன் ஓடித் திரியக்கூடாது. எறிபவருக்கு முன்னால் யாரும் நிற்கக்கூடாது. எல்லோரும் எறிந்து முடித்து ஆசிரியர் சொன்ன பிறகே எடுக்கப் போக வேண்டும்.

நமக்கென்று இன்னொரு விடயமும் உண்டு. தற்போதைய ஆண்டுகளில் ரமழான் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வருகிறது. முதலாம் தவணை விளையாட்டுக் காலமும் அதுவே. நோன்பு நோற்ற பிள்ளையை நண்பகல் வெயிலில் ஓடவிடக்கூடாது. கடுமையான பயிற்சியை ரமழானுக்கு முன்பே முடித்து, ரமழானில் இலேசான பயிற்சியை மட்டும் வைக்கும் வருடத் திட்டம் போட நமது ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகள்

பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணம் ஆடையும் கலப்பும். இரண்டுக்கும் வழி இருக்கிறது. உடல் மறைக்கும் நீச்சலுடை, பெண்களுக்கென ஒதுக்கிய நேரம், பெண் பயிற்றுநர். இவற்றுள் நம்மிடம் குறைவாக இருப்பது பெண் பயிற்றுநரே. 2006 டோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பஹ்ரைனின் ருகையா அல் கஸ்ரா ஹிஜாபுடன் ஓடி 200 மீற்றரில் தங்கம் வென்றார். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் போட்டி வைத்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். மார்க்கம் தடுக்காததை நமது வசதியின்மை தடுத்துக்கொண்டிருக்கிறது. உடற்கல்வி நெறிக்கு நமது பெண் பிள்ளைகள் விண்ணப்பிக்கப் பெற்றோர் ஊக்கப்படுத்தினால், சில ஆண்டுகளில் அந்தக் குறை தீரும்.

செய்யக்கூடியவை

அரசு எல்லாப் பாடசாலைக்கும் தடாகம் கட்டும்வரை காத்திருக்க முடியாது. கல்லூரியில் தடாகம் இல்லையென்றால் அருகிலுள்ள தடாகத்தில் வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கிக்கொள்ளலாம். அதற்கான பயணச் செலவைப் பழைய மாணவர் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஏற்கலாம். கட்டுறுப் பயிற்சி ஆண்டில் ஒவ்வொரு பயிலுனரும் குறைந்தது பத்துப் பிள்ளைகளை மிதக்க வைத்துக் காட்ட வேண்டும் என்று விதிக்கலாம். பொழுதுபோக்காக இறங்கும் கடலும் களப்பும் பயிற்சித் தடாகம் ஆகாது என்பதையும் அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பெற்றோரிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பாடசாலை அபிவிருத்திக் கூட்டத்தில் கணிதம், விஞ்ஞானப் பெறுபேறுகளைக் கேட்கும்போது, நம் பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியருக்கு நீச்சல் கற்பிக்கவும் முதலுதவி செய்யவும் பயிற்சி உண்டா என்பதையும் கேளுங்கள். இல்லையென்றால் அவரைக் குறை சொல்லாதீர்கள். அந்தப் பயிற்சிக்கு அவரை அனுப்ப என்ன வழி என்று அதே கூட்டத்திலேயே பேசி முடிவெடுங்கள்.