ஓர் உப்பின் இருமுகம்: ஒப்பாவ் 1921

அமோனியாவும் நைத்திரிக்கமிலமும் தாக்கமுறுகையில் அமோனியம் நைத்திரேற்று என்னும் உப்பு விளைகின்றது. மூலமும் அமிலமும் நடுநிலையாகும் இத்தாக்கம் பாடசாலை மாணவரும் அறிந்ததே. ஆயின், அமோனியாவில் நைதரசனின் ஒட்சியேற்ற எண் -3; நைத்திரிக்கமிலத்தில் அது +5. எரியத்தக்கதும் எரிக்கவல்லதுமாகிய இரு நிலைகளும் ஒரே பளிங்கினுள் அடங்கியுள்ளன. பயிரை வளர்க்கும் உப்பு வெடிமருந்தாகவும் அமைவதன் இரசாயனக் காரணம் இதுவே. அது எவருக்கு எதுவாயிற்று என்பதை வரலாற்றிலேயே தேடல் வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் வயல்களும் வெடிமருந்துச் சாலைகளும் நைத்திரேற்றுக்காகத் தென்னமெரிக்காவின் அற்றகாமாப் பாலைவனத்தையே பெரிதும் நம்பியிருந்தன. 1909இல் பிரிற்ஸ் ஹேபர் வளியின் நைதரசனை ஐதரசனுடன் உயர் அமுக்கத்தில் இணைத்து அமோனியாவைப் பெற்றுக் காட்டினார். கார்ல் பொஷ் அம்முறையைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தார். 1913இல் ஜேர்மனியின் ஒப்பாவில் உற்பத்தி தொடங்கிற்று. அமோனியாவை ஒட்சியேற்றி நைத்திரிக்கமிலமாக்கும் முறைக்கு வில்லெம் ஒஸ்வால்ட் 1902இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆகவே, இவ்வுப்பை ஆக்கும் பொருள்கள் இரண்டுக்குமான நைதரசன் வளியிலிருந்தே கிடைத்தது.

1914இல் போர் மூண்டதும் பிரித்தானியக் கடற்படை சிலியின் நைத்திரேற்று ஜேர்மனியை அடையாவாறு தடுத்தது. உர உற்பத்திக்கென எழுந்த ஒப்பாவ் ஆலை 1915இல் வெடிமருந்துக்கான நைத்திரிக்கமிலத்தையும் ஆக்கலாயிற்று. தாக்கம் மாறவில்லை, அதன் விளைவை வேண்டிநின்றோரே மாறினர்.

போர் முடிந்தபின் ஆலை மீண்டும் உரத்துக்குத் திரும்பிற்று. அமோனியம் சல்பேற்றும் அமோனியம் நைத்திரேற்றும் கலந்த ஏறத்தாழ 4,500 தொன் உரம் ஒரு களஞ்சியத்தில் இறுகிக் கிடந்தது. அதனைத் தளர்த்தச் சிறு வெடிகள் வைப்பது அங்கு வழக்கம். பல்லாயிரந் தடவை தீங்கின்றி நிகழ்ந்தமையால் அது பாதுகாப்பானதென நம்பப்பட்டது. 1921 செப்ரெம்பர் 21ஆந் திகதி காலை அந்நம்பிக்கை பொய்த்தது. 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தொழிலாளரும் அயலில் வாழ்ந்தோருமே அவருட் பெரும்பாலோர்.

உரமெனின் ஆக்கம், வெடிமருந்தெனின் அழிவு என்ற எளிய பிரிப்பை ஒப்பாவ் மறுக்கின்றது. அங்கு உயிர்களைக் கொண்டது உரமே. 2020 ஓகஸ்ட் 4ஆந் திகதி பெய்ரூற் துறைமுகத்தில் வெடித்த ஏறத்தாழ 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்றும் எப்போர்க்களத்திலும் இருக்கவில்லை. எச்சரிக்கைகள் எழுந்தும் பல ஆண்டுகள் பண்டகசாலையிலேயே விடப்பட்டிருந்தது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இரு நிகழ்ச்சிகளிலும் சேமிப்பு முறையைத் தீர்மானித்தோர் வேறு. அதனருகே உழைத்து உறங்கியோர் வேறு. இவ்வுப்பின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஆய்வுகூடத்துடன் நின்றுவிடாது, இவ்விடைவெளியையும் ஆராய்தல் இன்றியமையாதது.