மாடிப்படிக்கு அடியில் கொஞ்சம் வரலாறு

வளைந்து ஏறும் மாடிப்படி என்றால் மேலே கிரானைட், கைப்பிடிக்குத் தேக்கு என்று தாராளமாகச் செலவு செய்வோம். அடிப்பக்கம் கடைசியில்தான் ஞாபகம் வரும். பீர்மேட்டில் தம்பி கட்டும் வீடு இப்போது அந்தக் கட்டத்தில் நிற்கிறது. "அண்ணே, நியூஜெர்ஸி வீட்டுல மாதிரி போர்டு அடிச்சு மூடிரலாமா?" என்று போனில் கேட்டான். பதில் தேடப் போய் நிறைய பழைய கதை கையில் சிக்கியது.

இங்கே போர்டு வந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்னால் மெல்லிய மரச்சட்டங்களை இடுக்கு விட்டு ஆணியடித்து, சுண்ணாம்புக் காரையை அழுத்திப் பூசுவார்கள். காரை இடுக்கு வழியாகப் பிதுங்கிப் பின்னால் கொக்கி மாதிரி பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு சட்டத்தையும் துளித்துளியாகத் திருப்பி அடித்தால் முறுக்கிய அடிப்பக்கமும் வழுவழுப்பாக வந்துவிடும். போர்டை ஒரு பக்கமாக வளைக்கலாம், முறுக்குவது கஷ்டம்.

நம்ம ஊரில் மட்டும் என்ன குறைச்சல்? கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பு, வெல்லம், கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சென்னைப் பூச்சு பளிங்கு மாதிரி மின்னும். எங்கள் பீர்மேடு தாலுகாவிலேயே, 1895-ல் முடிந்த முல்லைப்பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையில் எழுந்ததுதான்.

ஆனால் அப்பா பிறந்த எஸ்டேட் லயத்தில் மாடியும் கிடையாது, படியும் கிடையாது. ஒரே வரிசை, ஒரே கூரை. 1956 நவம்பர் 1-ல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. தேயிலை பறித்த தமிழர்களின் லயம் அப்படியே இருந்தது. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தரச் சொன்னது. ஆனால் வீடு கம்பெனியுடையது. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். 2000 வாக்கில் இங்கே பல எஸ்டேட்கள் மூடியபோது கூலியும் நின்றது, கூரையைப் பழுதுபார்க்க ஆளும் இல்லை. போக இடமில்லாதவர்கள் ஒழுகலுக்குக் கீழேயே இருந்தார்கள்.

இதையெல்லாம் யோசித்துத்தான் தம்பியிடம் போர்டு வேண்டாம் என்றேன். பருவமழை மாதங்களில் அங்கே காற்றே ஈரம். மூடிய இடத்தில் பூஞ்சை பிடிக்கும். உள்ளே தண்ணீர் கசிந்தாலும் வெளியே தெரிய நாளாகும். கான்கிரீட்டின் அடிப்பக்கத்தைக் கொத்தி, நனைத்து, சிமெண்ட் கலவையை இரண்டு தடவையாக மெல்லிசாகப் பூசினால் போதும். வளைவுக்குச் சின்ன மணியாசுக் கட்டைதான் தோது. நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளையடிக்கலாம். கீழே அலமாரி கட்டி அடைக்காமல் காற்றோட்டம் விட வேண்டும்.

லயத்தில் ஒழுகல் கண்ணுக்குத் தெரியும். சரிசெய்வது துரை கையில் இருந்தது. சொந்த வீட்டில் ஒரு ஈரக்கறை தெரிந்தால், மறுநாளே கொத்தனாரைக் கூப்பிடலாம். அதை ஏன் நாமே மூடி மறைக்க வேண்டும்?