சூடேற்றுபவரின் கைகள்

கார் ஓட்டுநருக்கு ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்து கடன் வாங்கிய சொல் ஷோஃபர். நேர்ப்பொருள் 'சூடேற்றுபவர்'. நீராவி இன்ஜினின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்ட தொழிலாளியின் பெயர் அது. பெட்ரோல் கார் வந்த புதிதிலும் அந்தப் பெயர் பொருந்தித்தான் போனது. 1890களின் பனார் கார்களில் இன்ஜின் பற்றிக்கொள்ள, முதலில் பர்னரை ஏற்றி ஒரு குழாயைப் பழுக்கக் காய்ச்ச வேண்டும். ஆக, இன்ஜினைச் சூடேற்றுவது அவர் வேலை. அவர் கையைச் சூடேற்றுவது யார் வேலை? அடுத்த ஐம்பது, அறுபது வருஷத்தில் இதற்குக் கிடைத்த பதில்களில் பாதி வெட்கக்கேடானவை.

இன்றைக்கு ஓப்பன் கார் என்பது ஆசைக்கு வாங்குகிற பொருள். 1910ல் கார் என்றாலே பெரும்பாலும் ஓப்பன் கார்தான். மடக்கும் துணிக்கூரை இருந்தால் உண்டு, பக்கவாட்டில் ஒன்றும் கிடையாது. முதல் மாடல் டி கார்களில் முன்கண்ணாடிக்கே தனிக்காசு. அப்போதைய கார்கள் மெதுவாகப் போயின, அதனால் குளிர் அவ்வளவு இருந்திருக்காது என்று தோன்றலாம். கணக்குப் போட்டால் அப்படி வரவில்லை. 1940களின் தொடக்கத்தில் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இருவர் அண்டார்டிகாவில் ஒரு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரை ஊற்றி, காற்றில் அது எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அளந்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் அமெரிக்காவும் கனடாவும் 2001ல் ஏற்றுக்கொண்ட இன்றைய குளிர்காற்றுச் சூத்திரம். அது முகத்துக்கானது, கைக்குத் தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். வெளியே 0 டிகிரி, வண்டி 30 கிலோமீட்டர் வேகம் என்றால் தோலுக்கு அது மைனஸ் 6. 50ல் மைனஸ் 8. 100ல் போனாலும் மைனஸ் 11ஐத் தாண்டாது. அதாவது முதல் 30 கிலோமீட்டரே பெரும்பாலான வேலையை முடித்துவிடுகிறது. தாத்தா காலத்து வண்டியின் மந்தம் யாரையும் காப்பாற்றவில்லை.

உடம்பும் ஒத்துழைக்காது. உள்ளுறுப்புகள் குளிரத் தொடங்கினால் அது முதலில் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும். இதயத்தைக் காக்க விரலைக் கைவிடுவது என்பது அதன் பட்ஜெட். அதனால்தான் கையுறையைவிடக் கோட்டு முக்கியம். நெஞ்சு சூடாக இருந்தால் விரலுக்கும் பங்கு வரும்.

இதெல்லாம் அன்றைய பணக்காரர்களுக்கு அனுபவத்தில் தெரிந்தே இருந்தது. குதிரை வண்டிக் காலத்துச் சாமான்கள் எல்லாம் காருக்கு வந்தன. தொடைமேல் கம்பளி, காலடியில் கரிக்கட்டி கனலும் தகரப்பெட்டி, இரண்டு கையையும் நுழைத்துக்கொள்ள மென்மயிர் உறை. ஆனால் இவை உட்கார்ந்து வருபவருக்கானவை. ஓட்டுபவரின் கை வேலையில் இருக்கிறதே! மாடல் டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலேட்டர் காலில் இல்லை, ஸ்டியரிங்குக்குக் கீழே வலப்பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு. இடப்பக்க நெம்பு தீப்பொறியின் நேரத்தை முன்னும் பின்னும் தள்ள. இரண்டையும் விரலால் உணர்ந்து நகர்த்த வேண்டும். தடித்த கையுறை போட்டால் நெம்பு தெரியாது, கழற்றினால் கொஞ்ச நேரத்தில் விரலே தெரியாது.

இந்தச் சிக்கலைப் பற்றி உருப்படியாக எழுதியவர்களில் ஒருவர் டோரத்தி லெவிட். லண்டனில் அலுவலக வேலையிலிருந்து பந்தய ஓட்டுநரானவர். 1909ல் பெண்களுக்காக அவர் எழுதிய 'தி வுமன் அண்ட் தி கார்' புத்தகத்தில் கையுறைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். கம்பளிக் கையுறை கூடவே கூடாது, வழவழப்பான ஸ்டியரிங்கில் அது வழுக்கும் என்கிறார். உள்ளே மென்மயிர் வைத்த ஆட்டுத்தோல் கையுறை, பொத்தான் இல்லாமல், கட்டைவிரலுக்கு மட்டும் தனி அறையோடு இருந்தால் குளிர்காலத்துக்கு அதுதான் சரி என்கிறார். நான்கு விரலும் ஒரே அறையில் கிடந்தால் ஒன்றின் சூடு இன்னொன்றுக்கு. இருக்கைக்கு அடியில் உள்ள சின்ன இழுப்பறையில் கையுறை, கைக்குட்டை, கொஞ்சம் சாக்லேட் எல்லாம் வைத்துக்கொள்ளவும் சொல்கிறார். ஆங்கிலத்தில் கிளவ் பாக்ஸ் என்ற பெயர் இந்தப் பழக்கத்தின் மிச்சம். நம்ம ஊரில் அதையே 'டேஷ்போர்டு' என்கிறோம். அது குதிரைக் குளம்பு வாரியடிக்கும் சேற்றைத் தடுத்த பலகையின் பெயர். குளிர் இல்லாத ஊரில் கையுறைப் பெட்டிக்கு என்ன வேலை!

லெவிட் சொந்த விருப்பத்துக்கு ஓட்டியவர். குளிர்ந்தால் நிறுத்தலாம். சம்பளத்துக்கு ஓட்டியவர்கள் கதை வேறு.

பெரிய வீட்டுக் கார்களின் உடலமைப்பைப் பாருங்கள். பின்னால் முதலாளிக்குக் கூரை, கதவு, கண்ணாடி, மெத்தென்ற துணி இருக்கை. முன்னால் ஓட்டுநருக்குத் திறந்தவெளி. நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு, உத்தரவு சொல்ல ஒரு பேச்சுக்குழாய். ஓட்டுநரின் இருக்கை தோலில் இருக்கும், மழையில் நனைந்தாலும் தாங்கும் என்பதற்காக. இன்றைக்குத் தோல் இருக்கைக்குக் கூடுதலாகப் பணம் கட்டுகிறோம். அன்றைக்கு அது வேலைக்காரர் இருக்கை.

கூரை போடத் தெரியாமல் இப்படிச் செய்யவில்லை. பின்னால் போட்டவர்களுக்கு முன்னால் இன்னும் நாலடி நீட்டத் தெரியாதா? மின்சாரமும் இல்லாமல் இல்லை. ஆல்பர்ட் மார்ஷ் 1906ல் காப்புரிமை வாங்கிய நிக்ரோம் கம்பி இருந்தது, 1912 காடிலாக்கின் செல்ஃப் ஸ்டார்ட்டருக்குப் பிறகு காரில் பேட்டரியும் டைனமோவும் வழக்கமாயின. ஸ்டியரிங்கில் சுற்றிக் கட்டும் மின்சூட்டு உறைகளைச் சிலர் விற்கவும் செய்தார்கள். இருந்தும் 1930களில்கூட ரோல்ஸ் ராய்ஸ் கார்களுக்கு ஓட்டுநரின் தலைக்குமேல் திறந்திருக்கும் உடல்களை லண்டன் பட்டறைகள் விரும்பிக் கட்டின. மழை வந்தால் இழுத்துவிட ஒரு கூரைத்துண்டு கொடுத்தார்கள், அவ்வளவுதான். குதிரை வண்டிக்காரன் வெளியே உட்கார்ந்தான், அதனால் ஷோஃபரும் வெளியே உட்கார வேண்டும். சீருடைக்காரர் ஒருவர் முன்னால் விறைத்து உட்கார்ந்திருப்பது தெருவுக்குத் தெரிய வேண்டும் என்பது என் ஊகம். பழக்கம் மட்டும் இவ்வளவு காலம் நிற்காது.

வீட்டுக்குள் நடந்தது தெருவிலும் நடந்தது. 1920களின் பெரும்பகுதியில் லண்டன் பஸ் ஓட்டுநருக்கு முன்கண்ணாடி கிடையாது. உரிமம் கொடுத்த பெருநகரக் காவல்துறையே அதை அனுமதிக்கவில்லை. பயணிகளை ஏற்றிக்கொண்டு ஜனவரிக் காற்றை முகத்திலும் கையிலும் வாங்கியபடி நாள் முழுக்க ஓட்டினார்கள்.

கடைசியில் கைகளைக் காப்பாற்றியது கருணை இல்லை, விலை. அமெரிக்காவில் 1919ல் விற்ற கார்களில் மூடிய கார்கள் பத்தில் ஒன்றுதான் என்று ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன் எழுதியிருக்கிறார். 1922ல் ஹட்சன் நிறுவனம் தன் எஸெக்ஸ் காரை மூடிய உடலோடு 1,495 டாலருக்குக் கொண்டுவந்தது. பெட்டி மாதிரி இருந்தது, அழகு என்று சொல்ல முடியாது. மூன்று வருடத்தில் அதன் விலை ஓப்பன் காரைவிடக் கீழே போனது. 1927ல் மூடிய கார்கள் 85 சதவீதம். சொந்தமாக ஓட்டிய நடுத்தர வர்க்கம் கூரையைக் காசு கொடுத்து வாங்கியது. குளிர்காலத்தில் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, வண்டியைக் கட்டைமேல் ஏற்றி வைத்தவர்கள் பனியிலும் ஓட்ட ஆரம்பித்தார்கள். பிறகு இன்ஜினின் வீண் சூட்டை உள்ளே திருப்பிவிடும் ஹீட்டர் வந்தது. 'சூடேற்றுபவர்' தான் ஏற்றிய சூட்டில் கொஞ்சம் தன் கைக்கும் எடுத்துக்கொண்டார்.

லண்டன் டாக்ஸிக்காரர்கள் இன்னும் காத்திருந்தார்கள். 1948ல் வந்த எஃப்எக்ஸ்3 டாக்ஸிக்கு மூன்றே கதவுகள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் இடப்புறம் பெட்டி வைக்கும் மேடை, தெருவைப் பார்த்துத் திறந்தே கிடக்கும். அந்த வழியாகக் காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தது. அடுத்த மாடலான எஃப்எக்ஸ்4 1958ல் வந்தபோதுதான் அங்கே நான்காவதாக ஒரு கதவு வைத்தார்கள்.