ஆத்துக்கு வழிவிட்ட பால்பண்ணைக்காரர்கள்

ஆத்துக்கு இடம் விடணும்னு பேசறது சுலபம். ஆனா அந்த இடம் யாரோ ஒருத்தரோட பட்டா நிலமா இருக்கும். அங்கேதான் பேச்சு நின்னுபோகும். நெதர்லாந்தில் அது நிற்காமல் கடைசி வரை போன கதை ஒண்ணு உண்டு. விவசாயியா எனக்கு ரொம்பப் பிடிச்ச வரலாறு.

முதல்ல அந்த மண்ணைப் பத்திச் சொல்லிடறேன். தாழ்வான சதுப்பு நிலத்தைச் சுத்திக் கரை போட்டு, தண்ணியை இறைச்சு வெளியேத்தி விவசாயம் பண்ணுவாங்க. அதுக்குப் பேர் போல்டர். பல நூறு வருஷமா அவங்க கையாண்ட வைத்தியம், வெள்ளம் வந்தா கரையை உசத்தறது. ஆறு இரண்டு கரைக்கு நடுவில் நெருக்கப்பட்டது. வெள்ளம் பரவிக் கிடந்த படுகை மேய்ச்சல் நிலமாகவும் வீடாகவும் மாறியது.

1993இலும் 1995இலும் ரைன், மாஸ் ஆறுகளில் பெருவெள்ளம். 1995இல் சுமார் 2,50,000 பேரை வெளியேற்ற வேண்டியதாச்சு. மாடு கன்னுகளையும் சேர்த்துத்தான். கரையை இன்னும் எவ்வளவுதான் உசத்தறது? 'ஆற்றுக்கு இடம்' என்ற திட்டம் அப்படித்தான் பிறந்தது. 30க்கும் மேற்பட்ட இடங்களில் கரையைத் தள்ளிப் போடுவது, தாழ்த்துவது, படுகையை ஆழப்படுத்துவதுன்னு வேலைகள்.

அதில் ஒண்ணு, மாஸ் ஆத்தோரம் இருக்கும் ஓவர்டீப்ஸ போல்டர். சுமார் 550 ஹெக்டேர், 17 பண்ணைகள், பெரும்பாலும் கறவை மாடு. 2000வாக்கில், வெள்ள நேரத்தில் தண்ணியை இங்கே திருப்பலாம்னு அரசு யோசிக்குதுன்னு விவசாயிகளுக்குத் தெரிஞ்சது. வழக்கு, மறியல்னு போயிருக்கலாம். ஆனா வருஷக்கணக்கில் என்ன ஆகுமோன்னு காத்திருந்தா தொழுவத்துக்கு ஒரு செங்கல்கூட வைக்க முடியாதே! அவங்களே உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டாங்க.

திட்டம் புதுசு இல்லை. அந்த நாட்டின் வடக்கே 2,000 வருஷத்துக்கு முன்னாடியே மக்கள் மண்மேடு எழுப்பி அதுமேல வாழ்ந்தாங்க. அதையே திரும்ப எடுத்தாங்க. ஆத்தோரக் கரையைத் தாழ்த்திடறது; பின்பக்கக் கரையை ஒட்டி சுமார் 6 மீட்டர் உயர மேடுகள் கட்டி, வீட்டையும் தொழுவத்தையும் அதுமேல ஏத்திடறது. சராசரியா 25 வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளம் உள்ளே வந்து போகும். மத்த நாளெல்லாம் புல்லும் மாடும். அரசு ஏத்துக்கிச்சு. 2015இல் வேலை முடிஞ்சது. பெருவெள்ளத்தில் ஆத்து மட்டம் 27 சென்டிமீட்டர் குறையும்னு கணக்கு.

கொஞ்சம் தள்ளி பீஸ்போஸ்னு ஒரு பெரிய ஈரநிலம், 1421 வெள்ளம் உண்டாக்கினது. அதை ஒட்டிய நூர்ட்வார்ட் போல்டரிலும் கரையைத் தாழ்த்தி, பழைய ஓடைகளைத் திரும்ப வெட்டி, ஆத்துத் தண்ணியை உள்ளே விட்டாங்க.

நகரத்து நண்பர்கள் இதை இனிப்பான கதையா மட்டும் எடுத்துக்க வேண்டாம். மேடுகள் எட்டுதான். 17 பண்ணைக்கும் அங்கே இடமில்லை. மத்தவங்க நிலத்தைக் கொடுத்துட்டு வேற இடம், வேற பிழைப்புன்னு கிளம்பினாங்க. இருக்கறவங்களுக்கு நிலம் பத்தினதே போறவங்க விட்டுக் கொடுத்ததாலதான். யார் போறது, யார் இருக்கறதுங்கற அந்தப் பேச்சுதான் கரை வெட்டறதைவிடக் கஷ்டமா இருந்திருக்கும். நிலத்துக்காரனை முதல் நாளே கூப்பிட்டு உட்கார வைக்கணும்னு நான் சொல்றது அதனாலதான்.