ஒரு நூல் சாய்ந்தால்

இப்போது வருகிற கார்களில் முன்விளக்கைக் கழற்ற வேண்டுமென்றால் பல வண்டிகளில் முதலில் பம்பரைக் கழற்ற வேண்டியிருக்கிறது. எங்கள் காலத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். அம்பாசடர், பியட், ஜீப், லேலண்ட் பஸ் என்று எதை எடுத்தாலும் பெரும்பாலும் அதே 7 அங்குல வட்ட விளக்குதான். ஒன்றில் கழற்றியதை இன்னொன்றில் மாட்டலாம். மாட்டவும் செய்தார்கள். அதனால்தான் அந்த விளக்கில் கை வைக்காத பட்டறையே தமிழ்நாட்டில் இருந்ததில்லை.

டெப்போ பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்து, போர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். விளக்கென்றால் எலக்ட்ரீஷியன் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். பல்பும் ஒயரும் அவர் வேலைதான். வெளிச்சம் ரோட்டில் எங்கே போய் விழுகிறது என்பது அரம் பிடிக்கிறவன் வேலை. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

மாட்டுவண்டிக்கு அச்சுக்கடியில் தொங்கிய லாந்தர், வண்டி வருகிறது என்று எதிரே வருபவனுக்குச் சொல்ல மட்டும்தான். வழியை மாடு பார்த்துக்கொள்ளும். மோட்டார் வந்த பிறகுதான் ஓட்டுகிறவனுக்கே வழி தெரிய வேண்டியதாயிற்று. முதலில் வந்தது கார்பைடு விளக்கு. கல்லின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும், அசிட்டிலின் வாயு ரப்பர் குழாய் வழியாக விளக்குக்குப் போகும். திருவிழாக் கடைகளில் அந்த வாடையை நுகர்ந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். 1912-ல் அமெரிக்காவில் காடிலாக் கம்பெனி மின்சார ஸ்டார்ட்டரையும் மின்விளக்கையும் சேர்த்தே காரில் வைத்தது. ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் டி.வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் விடத் தொடங்கினார்.

வெளிச்சம் கூடியதும் கண் கூசும் தொல்லையும் கூடவே வந்தது. இங்கிலாந்தில் ஒரு வேடிக்கையான ஏற்பாடு செய்தார்கள். டிப் செய்தால் ஒரு பக்க விளக்கு அணைந்துவிடும், மறுபக்க விளக்கின் ரிஃப்ளெக்டர் மட்டும் காந்தத்தால் இழுக்கப்பட்டுக் கீழே சாயும். 1925-ல் ஒஸ்ராம் கொண்டுவந்த இரட்டை இழை பல்புதான் இதற்கு நல்ல வழி காட்டியது. டிப் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். அது கீழ்ப்பக்கம் போகிற ஒளியை மறைத்துவிடும். மேல்பாதி ரிஃப்ளெக்டரில் பட்ட ஒளி மட்டும் கீழ்நோக்கி ரோட்டில் விழும். அம்பாசடரில் கிளட்சுக்கு இடதுபுறம் காலால் மிதிக்கிற டிப் சுவிட்ச் நினைவிருக்கிறதா? அந்த மிதியில் நடந்தது இவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொண்டால், விளக்கின் மேல்பாதிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிக்கிற பழக்கம் எவ்வளவு தலைகீழானது என்று புரியும். யுத்த காலத்தில் விளக்கை மறைத்தார்களே, அதற்குக் காரணம் வேறு. 1939-ல் இங்கிலாந்தில் விளக்குக்குத் தகர மூடி போட்டு, படுக்கைவாட்டில் கீறல் மட்டும் விட்டார்கள். 1942-ல் ஜப்பான் விமானம் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்ட நாட்களில் சென்னையும் இருட்டடிப்பில் கிடந்தது. வானத்திலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான் நோக்கம். யுத்தம் போனது, பெயிண்ட் டப்பா போகவில்லை. கண் கூச்சத்துக்கும் அதுவே மருந்து என்று ஆகிவிட்டது. மேல்பாதியை மறைத்தால் டிப் வெளிச்சம்தான் பெரும்பகுதி செத்துப்போகும். டிப்பில் ரோடு தெரியாத டிரைவர் என்ன செய்வான்? பிரைட்டிலேயே ஓட்டுவான். மருந்தே நோயைக் கூட்டிய கதை இது.

சரி, ஃபிட்டருக்கு வருவோம்.

பஸ் கம்பெனியிலிருந்து பஸ்ஸாக வராது. எஞ்சினும் சக்கரமும் ஸ்டியரிங்குமாக வெறும் சேசிஸ் வரும். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, வெயிலில் திறந்தவெளியாக அதை ஓட்டி வருகிற டிரைவர்களை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். கரூர் போன்ற ஊர்களில்தான் அதற்குப் பாடி கட்டுவார்கள். முகப்புத் தகடு கையால் அடித்து உருவாக்கியது. விளக்குக்கான வட்டத்தைக் காம்பஸால் கீறி, உளியால் வெட்டி, அரைவட்ட அரத்தால் ராவி எடுப்பார்கள். நல்ல கை என்றால் இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில், ஒரே தளத்தில் இருக்கும். அவசரக் கை என்றால் ஒரு கண் மேலே பார்க்கும்.

அப்படி ஒரு புது வண்டி எங்கள் டெப்போவுக்கு வந்தது. மூன்றாம் நாளே ராத்திரி சர்வீஸ் டிரைவர் வந்து நின்றார். "எதுத்தாப்புல வாரவனெல்லாம் லைட்டை அடிச்சு அடிச்சுக் காட்டறானுங்க மேஸ்திரி. நான் டிப்புலதானுங்க வாரேன்." எலக்ட்ரீஷியன் திருகைக் கடைசி வரை முடுக்கிப் பார்த்துவிட்டார். மேஸ்திரி ஒரு நேர்பட்டையை விளக்கு வளையத்தின் மேல் வைத்துப் பார்த்தார். தகடே மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது. திருகைக் கடைசிவரை முடுக்கிய பிறகும் ஒரு நூல் மிச்சம்.

ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. 7 அங்குல விளக்கு ஒரு நூல் சாய்ந்தால் 100 அடி தூரத்தில் ஒளி ஏறக்குறைய ஒன்றே முக்கால் அடி மேலேறும். தரையிலிருந்து 3 அடி உயரத்தில் விளக்கு. 100 அடியில் 2 அடிக்கு இறங்கியிருக்க வேண்டிய ஒளி மூன்றே முக்கால் அடியில் நிற்கும். எதிரே வரும் அம்பாசடர் டிரைவரின் கண் இருக்கிற உயரம் அது. இரண்டு லேன் ரோட்டில், பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு மனிதன் மூன்று விநாடி குருடாக ஓட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஆன வண்டிகளை இழுத்துவந்து எங்கள் பட்டறைப் பின்புறம்தான் போடுவார்கள்.

திருகுக்கு அடியில் வாஷர் போட்டுத் தூக்கினால் போதாதா என்று நான் கேட்டேன். "வாஷர் போட்டா மூணு இடத்துலதான் தம்பி உக்காரும். நடுவுல சந்து விழும். மழைத்தண்ணி போகும், ரிஃப்ளெக்டர் கறுத்துப்போகும்" என்றார். ஒரு நூல் கனமுள்ள அலுமினியத் தகட்டில் வளையம் வெட்டச் சொன்னார். மேலே ஒரு நூல் கனம், கீழே காகிதக் கனம், நடுவே சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும். ஓரத்தைச் சுற்றி ஸ்கிரைபரால் கோடு கீறி, மரக்கட்டையில் பதித்து, முதலில் பாஸ்டர்ட் அரம், பிறகு செகண்ட் கட், கடைசியில் ஸ்மூத்.

கோடு வரை வந்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் ஆரம்பம். ஒரு கண்ணாடித் தகட்டில் நீலத்தை மெல்லப் பூசி, வளையத்தை அதன் மேல் வைத்து லேசாக அசைத்து எடுப்பார். நீலம் ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் ராவ வேண்டும். மறுபடி நீலம், மறுபடி அரம். முதலில் மூன்று புள்ளி, பிறகு பத்து, பிறகு வட்டம் முழுக்க. ஐ.டி.ஐ.யில் முதல் மாதம் முழுவதும் இரும்புத் துண்டை ராவச் சொல்லி, மூலைமட்டம் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்களே, அது எதற்கு என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

இந்த நீலம் பூசும் வித்தைக்கும் சரித்திரம் உண்டு. துல்லியமான சமதளம் வேண்டுமென்றால் இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் போதாது. ஒன்று குழியாகவும் மற்றது மேடாகவும் இருந்தாலும் பொருந்திவிடும். மூன்று தகடு எடுத்து மாற்றி மாற்றிப் பொருத்தினால்தான் மூன்றும் சமமாகும். ஜோசப் விட்வொர்த் 1840-ல் இதை அறிஞர் சபையில் எடுத்துச் சொன்னார். போல்ட் மரைக்குப் பேர் பெற்ற அதே விட்வொர்த்தான். இயந்திரம் எதுவும் இல்லாமல், கையாலும் கண்ணாலும் பிறந்த துல்லியம் அது. அதன் பேரப்பிள்ளைதான் எங்கள் டெப்போவில் கண்ணாடித் தகட்டின் மேல் உட்கார்ந்த அந்த வளையம்.

வளையத்தை மாட்டி, வண்டியைச் சுவருக்கு 25 அடி தள்ளி நிறுத்தி, சாக்பீஸ் கோட்டில் ஒளியைப் பார்த்தோம். ஐந்து அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. அந்த டிரைவர் அதற்குப் பிறகு புகார் சொல்ல வரவில்லை. எங்கள் தொழிலில் பாராட்டு என்பது அதுதான்.

1971-ல் எச்-4 ஹாலஜன் பல்பு வந்தது. அது நம் ஊர்ச் சாலைகளில் பரவியபோது விளக்கை மாற்றும் வேலை ஃபிட்டர் கையிலிருந்து கடைக்காரர் கைக்குப் போயிற்று. 60/55 வாட் பல்பு இருக்க வேண்டிய இடத்தில் 100/90 வாட் போட்டார்கள். 12 வோல்ட் வண்டியில் இரண்டு 100 வாட் என்றால் 16 ஆம்பியருக்கு மேல். பழைய சுவிட்ச் கருகும், ஒயர் இளகும், ரிஃப்ளெக்டர் மங்கும். புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைத்த வெளிநாட்டுப் பழைய விளக்கு இன்னும் மோசம். வலப்புறம் ஓட்டுகிற நாட்டின் விளக்கில் ஒளி வலப்புறம் மேலேறும். நம் ரோட்டில் அது நேரே எதிரே வருபவன் முகத்தில் போய் விழும். சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. 8 மீட்டர் முன்னால், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிற கண்ணைக் கூசவைக்கக்கூடாது என்று 1989-ஆம் வருஷத்து மோட்டார் வாகன விதியே அளவோடு சொல்கிறது. அளந்து பார்க்கத்தான் ஆளில்லை.

இப்போது எல்.இ.டி. பல்பு. பழைய இழை இருந்த இடத்திலேயே புது விளக்கின் ஒளிப்புள்ளி இல்லையென்றால் ரிஃப்ளெக்டர் அதை நினைத்த இடத்தில் போடாது, கண்டபடி இறைக்கும். மில்லிமீட்டர் கணக்குதான், நூல்கூட இல்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வண்டிக்குப் புது பல்பு போட்டிருந்தால் ஒரு நாள் ராத்திரி இதைச் செய்து பாருங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், சமதரையில் சுவருக்கு 25 அடி தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டிப்பில் ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே இருக்க வேண்டும். இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஏறலாம். மற்ற இடத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால், விளக்குக்குப் பின்னால் இருக்கிற திருகை மெக்கானிக்கிடம் சொல்லித் திருப்பச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை.