ஈடு எனும் சொல்

'இழப்பீடு', 'காப்பீடு' ஆகிய இரு சொற்களின் ஈற்றிலும் 'ஈடு' நிற்கிறது. முன்னது பாதிக்கப்பட்டவருக்குச் சேர்வது. பின்னதோ, மருத்துவரும் வழக்கறிஞரும் தம் தொழிலில் நேரும் பிழைக்காக எடுத்து வைக்கும்போது, பிழை செய்தவரைக் காப்பதாகத் தோன்றுகிறது. இது அறமாகுமா என நம்மில் பலர் ஐயுறுவதுண்டு. வரலாறு இதற்கு என்ன விடை தருகிறது எனச் சற்றே பார்ப்போம்.

ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முற்பட்டது பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டம். அது பொறிக்கப்பட்ட கல்தூண் 1901-02இல் ஈரானின் சூசாவில் கண்டெடுக்கப்பட்டு, பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. அதன்படி, அறுவை செய்து உயிர்காத்த மருத்துவனுக்கு உயர்குடியினன் பத்து ஷெக்கல் வெள்ளி தரவேண்டும். அறுவையில் உயர்குடியினன் இறந்தாலோ கண்ணிழந்தாலோ மருத்துவனின் கைகள் வெட்டப்படும். இறந்தவன் அடிமையாயின் ஈடாக வேறோர் அடிமையைத் தந்தால் போதும். ஆக, இழந்ததற்கு ஈடு கிட்டியது அடிமையை உடையவனுக்கே. உயர்குடியினனின் குடும்பத்துக்கு வெட்டுண்ட கைகளைக் கண்ட ஆறுதலே மிச்சம்.

கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் கையை விட்டுக் கைப்பொருளுக்கு வந்தது. உயிருக்கு ஆபத்தான நோயை முன்னறிவிக்காது மருத்துவம் பார்த்து நோயாளி இறந்தால் முதல்நிலைத் தண்டம். மருத்துவத்தின் குற்றத்தால் இறந்தால் இடைநிலைத் தண்டம். ஆயினும் தண்டம் சேர்ந்த இடம் அரசனின் கருவூலம்.

1885இல் லண்டனில் மருத்துவர்கள் கூடி 'மெடிக்கல் டிஃபென்ஸ் யூனியன்' என்னும் சங்கத்தை நிறுவினர். தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மருத்துவரைக் காக்கவே அது பிறந்தது. ஆனால் பலரும் ஆண்டுதோறும் சிறுதொகை இட்டுப் பொதுநிதி ஒன்றைச் சேர்த்தபோது, தற்காப்புக்கான அந்த ஏற்பாடு பாதிக்கப்பட்டோர்க்கும் பயன்படலாயிற்று. தனியொருவரின் பெட்டியில் இல்லாத தொகை பொதுப்பெட்டியில் இருந்தது.

இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. மருத்துவம் அதற்குள் அடங்காதெனச் சென்னை உயர்நீதிமன்றம் 1994இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே, வி.பி. சாந்தா வழக்கில், கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் அடங்குமென உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. எவரிடமும் கட்டணம் பெறாத மருத்துவமனைகளுக்கு மட்டும் விலக்கு. 2013இல் கொல்கத்தா வழக்கொன்றில் இழப்பீடு ஏறத்தாழ 6 கோடி ரூபாயைத் தொட்டது. இத்தகைய தொகையைத் தனியொரு மருத்துவர் எங்ஙனம் தருவார்? காப்பீடு இல்லையெனில் தீர்ப்பு தாளளவில் நின்றுவிடும்.

வழக்கறிஞர் கதை வேறு. நீதிமன்றத்தில் வாதிடுகையில் நேரும் பிழைக்கு அவர்மீது வழக்குத் தொடுக்கவியலாதென இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1967இல் உறுதிசெய்தது. 2000இல் அதே சபை அவ்விலக்கை நீக்கியது. அங்கே சொலிசிட்டர்களுக்குப் பொறுப்புக் காப்பீடு 1976 முதலே கட்டாயம். இந்தியாவிலோ, கவனக்குறைவால் நேரும் இழப்புக்கு வழக்கறிஞர் பொறுப்பாவார் என்பதை 1926ஆம் ஆண்டின் சட்டமே ஏற்றுக்கொண்டது. அவர் பணியும் நுகர்வோர் சட்டத்துள் அடங்குமெனத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2007இல் கூறியது. 2024 மே மாதம் உச்சநீதிமன்றம் அதை மறுத்தது. உரிமையியல் நீதிமன்றத்தின் கதவு திறந்தேயிருக்கிறது. ஆனால் ஒரு வழக்கறிஞரின் அசட்டையால் மேல்முறையீட்டுக் காலவரம்பைத் தவறவிட்டு நிலத்தை இழந்த எளியவர், இன்னொரு வழக்கறிஞரை அமர்த்தி, மீண்டும் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். வென்றாலும் எதிரியின் கையில் பணமிருக்க வேண்டும். காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்னும் சட்டக் கட்டாயம் இங்கு அவருக்கில்லை.

காப்பீடு இருந்தால் அலட்சியம் பெருகாதா என்பர். பெருகக்கூடும். எனினும் காப்பீடு ஏற்பது பணப்பொறுப்பை மட்டுமே. குற்றவியல் தண்டனையைப் பிழை செய்தவரே சுமக்கவேண்டும். தண்டிப்பது ஒன்று, ஈடுசெய்வது மற்றொன்று. கைகளை வெட்டிய சட்டம் முன்னதை அறிந்திருந்தது. பின்னதைக் கற்க மனிதகுலத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. நாமோ அதை இன்னமும் பாதியே கற்றிருக்கிறோம்.