தீயைத் தாங்கிய மண்

அறபு இரசவாத நூல்களில் ‘தீனுல் ஹிக்மா’ என்றொரு சொல் வருகிறது. இங்குள்ள ‘தீன்’ மார்க்கத்தைக் குறிப்பதன்று. ஆதம் (அலை) படைக்கப்பட்டதாகத் திருமறை கூறும் களிமண்ணையே குறிப்பது. இழைகள் கலந்து பிசைந்த அம்மண்ணைக் கண்ணாடிக் கலங்களின்மேல் பூசி, உலர்த்தி, நெருப்பிலிட்டனர். வெடிக்காத பூச்சே தேறியது. அர்ராஸீ (மறைவு கி.பி. 925) ‘கிதாபுல் அஸ்ரார்’ நூலில் இதனை விளக்கியுள்ளார்.

ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையின் அடிவாரமான சேலத்துப் பகுதியிலும் இத்தகைய அறிவு இருந்தது. உமிக்கரி கலந்த களிமண் மூசையில் இரும்பும் ஆவாரங்குச்சியும் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்து உருக்கு வடித்தனர். மூசை பிளந்தால் உழைப்பு முழுதும் வீண். 1830இல், மஹ்மூது பந்தர் எனப்பட்ட பரங்கிப்பேட்டையில் சேலத்துத் தாதுவைக் கொண்டு இரும்பாலை கண்ட ஜோசையா ஹீத் இத்தொழிலைப் பதிவு செய்தார். பிற்காலத்தில் அவ்வடிவாரத்து வெள்ளைக்கல்லான மாக்னசைட் எஃகு உலைகளின் உட்புறக் காப்பாயிற்று. அதைச் சுட்டுப் பெறும் மக்னீசியா சுமார் 2800 பாகை செல்சியஸில்தான் உருகும்.

அர்ராஸீயின் பெயரை நாம் பெருமையுடன் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஏடெழுதாத சேலத்து உருக்குநர் ஒருவரின் பெயரும் நம்மிடம் இல்லை. அறபுக் கவிஞர் புகழ்ந்த இந்திய வாளின் வரலாற்றில் அக்கைகளுக்கும் இடமளிப்பது நம் கடன்.